காணா நட்பும் கண்ட நட்பும்

வகுப்பறையிலே நட்பதிகாரத்தைப் படிப்பிக்கப் புகும் தமிழாசிரியர் எவரும் பிசிராந்தையாரைத் தொடாது அப்பாற் செல்வதில்லை. நட்புக்குப் பழகுதல் வேண்டியதில்லை, ஒத்த உணர்ச்சியே போதும் என்னும் கருத்தமைந்த குறளுக்கு உரை கூறவந்த பரிமேலழகர் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் உதாரணங் காட்டிவிட்டார். அதன் பின்னர் அவ்வழியே நடப்பது எமக்கெல்லாம் எளிதாயிற்று. ஒருவன் உறையூர் வேந்தன். மற்றவர் பாண்டிநாட்டுப் புலவர். இருவரும் நேரிற் கண்டதில்லை. வேந்தன் வடக்கிருந்து உயிர்துறக்கத் துணிந்தவிடத்துப் புலவர் தாமே வந்து சேர்ந்தார், உடன் உயிர்நீத்தார். பத்து வருடங்களுக்கு மேலாக நாமும் இதனை இவ்வாறே சொல்லி, பிள்ளைகளும் இவ்வாறே எழுதி, புள்ளிகளும் பெற்று வந்துள்ளனர்.

சென்ற வருடம் உயர்தர வகுப்பிலே ஒரு மாணவி எழுந்தாள். “சேர், உறையூருக்கும் பாண்டிநாட்டுக்கும் நடந்து போற தூரந்தானே. உவ்வளவு விருப்பமெண்டால் ஏன் முந்தியே போய்ச் சந்திக்கேல்லை?” என்று கேட்டாள். காலம் வாய்க்கவில்லை என ஏதோ கூறிச் சமாளித்தோம். அவள் இருந்துவிட்டாள், கேள்வி இருக்கவில்லை.

இக்கேள்வி இன்றைய பிள்ளைகளுக்கு இயல்பாகவே எழுகின்றது. முகங் காணாமலே நண்பராதல் அவர்களுக்கு அன்றாட நிகழ்ச்சி. கணினி விளையாட்டிலோ முகநூலிலோ பழகிய ஒருவரை ஒருநாள் பேருந்து நிலையத்திலோ நூலக வாயிலிலோ முதன்முதலாகக் காணும்போது நெஞ்சு படபடப்பதை அவர்கள் அறிவர். எமது இலக்கியமும் கலையும் அந்தக் கணத்தை எவ்வாறு கையாண்டுள்ளன என்று நோக்கின், பெரும்பாலும் அக்கணத்தோடு கதையை முடித்துவிடுவதையே காண்கின்றோம். 1996இல் வெளிவந்து, நெறியாளர் அகத்தியனுக்கு இந்திய தேசிய விருதைப் பெற்றுக்கொடுத்த ‘காதல் கோட்டை’யைப் பலரும் பார்த்திருப்பர். காணாமலே கடிதத்திற் காதலித்த இருவரும் புகையிரத நிலையத்திலே கண்டுகொள்கின்றனர், படம் முடிந்துவிடுகின்றது. மறுநாட் காலை அவர்கள் என்ன பேசினர் என்பதில் எவருக்கும் அக்கறையில்லை.

அண்மைக் காலத்தில் இவ்விடயத்தைத் தொட்ட படைப்புகளுள் எம்மை மிகவும் பாதித்தது நோர்வே நாட்டு நெறியாளர் பெஞ்சமின் றே ஆக்கிய ‘ஐபெலின்’ என்னும் விவரணப் படம். 2024ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் சண்டான்ஸ் விழாவிலே முதலில் திரையிடப்பட்டு இரு பரிசுகளைப் பெற்றது. பின்னர் நெட்ஃபிளிக்ஸ் வழியாக உலகெங்கும் பரவியது. கதை உண்மைக் கதை. மாட்ஸ் ஸ்டீன் என்னும் இளைஞர் 1989இற் பிறந்தவர். தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் டுஷென் என்னும் நோய் அவரைச் சிறுவயதிலேயே சக்கர நாற்காலியில் இருத்திவிட்டது. பெற்றோரின் வீட்டை அண்டிய தனிப்பகுதியிலே, உதவியாளர் துணையுடன், நாளின் பெரும்பகுதியைக் கணினியின் முன் கழித்தார். 2014 நவம்பரில், இருபத்தைந்தாவது வயதில், இறந்தார். நட்பும் காதலும் அறியாது, பிறருக்குப் பயன்படும் வாய்ப்புமின்றித் தம் மகன் போய்விட்டான் என்பதே பெற்றோரின் பெருந்துயர். மகன் இணையத்தில் எழுதிவந்த பக்கத்திலே அவர் இறந்த செய்தியைத் தந்தையார் இட்டார். அதன் பின் கடிதங்கள் வரத் தொடங்கின. முன்பின் அறியாதோர் பல நாடுகளிலிருந்து எழுதினர். ‘வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட்’ என்னும் விளையாட்டு உலகிலே ‘ஐபெலின்’ என்னும் பெயருடன், திடகாத்திரமான ஓர் ஆண்மகனாக உலாவிய மாட்ஸ் அவர்களுக்கெல்லாம் நெருங்கிய தோழர். நெதர்லாந்து, டென்மார்க், பின்லாந்து, இங்கிலாந்து முதலிய நாடுகளிலிருந்து சிலர் அவரது இறுதிச் சடங்குக்கு வந்தனர். தம் தோழரை அவர்கள் முதன்முறையாக நேரிற் கண்டது பிரேதப் பெட்டியில்.

இதனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிசிராந்தையார் எம் நினைவில் வந்தது இயல்பே. வடக்கிருந்த சோழனைச் சூழ்ந்தோர், புலவர் உம்மைக் கேள்வியால் அறிந்தவரேயன்றிக் கண்டவரல்லர், அவரா வரப்போகின்றார் என ஐயுறுகின்றனர். அதற்குச் சோழன் கூறும் மறுமொழி புறநானூற்றில் உள்ளது. தம் பெயரை வினவுவோர்க்குச் சோழனின் பெயரையே தம் பெயராகக் கூறிக்கொள்பவர் அவர் என்கின்றான் அவன். விளையாட்டு உலகிற் புனைபெயர் பூண்டு திரிந்த மாட்ஸை எண்ணுகையில் இச்செய்தி புதுப்பொருள் தருகின்றது.

படத்தின் அமைப்பிலே ஒரு நேர்மை இருக்கின்றது. முதற் பகுதியில் வீட்டிலே எடுக்கப்பட்ட நிகழ்படங்களைக் கொண்டு, பெற்றோர் கண்ட துயர வாழ்வாகவே முழுக் கதையும் சொல்லி முடிக்கப்படுகின்றது. பின்னர் அதே வாழ்வு விளையாட்டுலகத்தின் உள்ளிருந்து மீளவும் சொல்லப்படுகின்றது. அங்கே மாட்ஸ் தேவதூதரல்லர். பொறாமைப்படுகின்றார், பொய்யுஞ் சொல்கின்றார், நண்பர்களைப் புண்படுத்துகின்றார், கண்டிக்கப்படுகின்றார். நோயாளியை உத்தமனாக்கிப் பூசிக்கும் வழக்கத்திலிருந்து விடுபட்டமைக்காகவே நெறியாளரைப் பாராட்டவேண்டும். மகனோடு மனம்விட்டுப் பழக வழியறியாது தவித்த டென்மார்க்குத் தாயொருத்திக்கு மாட்ஸ் காட்டிய வழி அந்த மகனை எவ்வாறு அருகிற் கொணர்ந்தது என்பதைச் சொல்லும் பகுதி எம் கண்களை நனைத்தது என்பதை ஒப்புக்கொள்வதில் எமக்கு வெட்கமில்லை.

எனினும் படத்தைப் பார்த்தோர் பலர் பெற்றுக்கொண்ட முடிவு எமக்கு உடன்பாடன்று. இயந்திரம் மனிதரை இணைத்தது, உடல் ஒரு பொருட்டன்று, உள்ளமே மெய் என்பது அம்முடிவு. படமும் அதற்கு இடங்கொடுக்கின்றது. நோர்வேயிற் பொதுப்பணத்திலே சக்கர நாற்காலியும் உதவியாளரும் கிடைக்கும் ஏற்பாடு இருந்தது. இரவு பத்து மணிக்கு வந்து அவரைப் படுக்கையிற் கிடத்தியவர்களும் புரட்டிப் படுக்கவைத்தவர்களும் தொழிலாளர்கள். ஐபெலின் மாலைதோறும் காட்டுவழியே ஓடினான் என்றால், அவ்வோட்டத்தின் பின்னால் அவர்களுடைய கைகள் இருந்தன. அக்கைகள் கதையின் மையத்துக்கு வரவில்லை. எமது நாட்டில் இதே நோயுடைய ஒரு பிள்ளை, தாயின் முதுகிலே பாடசாலைக்கு வந்து, படிக்கட்டு ஏற வழியின்றி இடையில் நின்றுபோவதை ஆசிரியர்களாகிய நாம் கண்டுள்ளோம். அப்பிள்ளைக்குக் கணினியும் இல்லை. மாதச் சந்தா கட்டி விளையாடும் மாய உலகமும் இல்லை.

இதனினும் முக்கியமான வினா ஒன்று உண்டு. மாட்ஸ் தம் நோயை நண்பர்களிடம் ஏன் நெடுங்காலம் மறைத்தார்? திரைக்குள்ளே தம்மைக் கட்டிய விலங்கு இல்லை என்னும் கருத்துப்பட அவரே எழுதியுள்ளார். வெளியிலே பிறர் முதலில் நாற்காலியைக் கண்டனர். மனிதரைக் காண அவர்களுக்கு நேரம் எடுத்தது. பலர் காணாமலே போயினர். ஆகவே அவரது காணா நட்பு, அவர் விரும்பித் தேர்ந்த உயர்நெறி என்று கொள்ளத்தக்கதன்று. காண்போரின் பார்வையிலிருந்து தப்பிய ஒருவரின் புகலிடம் அது. புகலிடத்தைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போது துரத்தியவரை மறந்துவிடுகின்றோம்.

இனி அம்மாணவியின் கேள்விக்கு வருவோம். பிசிராந்தையார் ஏன் முந்தியே செல்லவில்லை?

அவர் வறியவரல்லர். முதுமையிலும் நரையின்மைக்குக் காரணம் கேட்டோர்க்கு, மாண்புடைய மனைவியையும் அறிவு நிரம்பிய மக்களையும் குறிப்பறிந்து நடக்கும் ஏவலரையும் கொண்ட இல்லத்தைக் காட்டியவர். எனவே வழிச்செலவுக்கு இல்லாமற் போயிருக்காது. சேய்மையும் பெரிதன்று. எமக்குத் தோன்றும் விடை வேறு. சோழனுக்கு அன்னத்தைத் தூதுவிடும் அவரது பாட்டிலேயே, ஆந்தையின் பெயரைச் சொன்னால் உன் பேடைக்கு அணிகலன் கிடைக்கும் என அன்னத்துக்கு ஆசை காட்டுகின்றார். அரசனின் வாயிலிற் சென்று நின்றால் பரிசில் பெறுதல் தவிர்க்கவொண்ணாதது என்பதை அவரது கற்பனையும் அறிந்திருந்தது. அக்காலச் சமுதாய அமைப்பிலே புலவன் அரண்மனைக்குட் புகுந்தால் அவனுக்கென ஓர் இடம் இருந்தது. அது கீழேயுள்ள இடம். முரசுகட்டிலிலே துயின்ற மோசிகீரனாருக்குச் சேரன் கவரி வீசினானே எனச் சிலர் கூறுவர். வழக்கத்துக்கு மாறாக நிகழ்ந்ததாலன்றோ அது பாட்டாயிற்று!

கோப்பெருஞ்சோழன் தன் மக்களுடன் பகைத்து, போருக்கெழுந்து, புல்லாற்றூர் எயிற்றியனாரின் சொற்கேட்டு அப்போரைத் தவிர்த்து, அரசை விட்டு வெறுந்தரையில் வடக்குநோக்கி அமர்கின்றான். இப்போது அவனிடம் கொடுக்க யாதுமில்லை. முடியில்லை, வாயிலில்லை, காவலனில்லை. ஆந்தைக்கு இடம் ஒதுக்குக என்று அவன் கேட்கும் இடம் தனக்கு அருகே, அதே தரையில். அந்த இடத்துக்குத்தான் புலவர் வருகின்றார். முன்னர் வராதவர் அன்று வந்தமைக்கு, இருவரும் ஒரே மட்டத்தில் இருக்கக்கூடிய நிலை அன்றே முதன்முதல் ஏற்பட்டது என்பதைவிட ஏற்ற காரணம் எமக்குப் புலப்படவில்லை. இதனைப் பண்டிதர்கள் ஏற்கமாட்டார்கள் என்பதை அறிவோம். நட்பின் தெய்வீகத்தைச் சமுதாய விவகாரமாக்கிவிட்டோம் என்பர். ஆக்கியது நாமல்லோம், அவன் முடிதுறந்தபின் நிகழ்ந்ததாகக் கூறுவது புறநானூறு.

நேரிற் கண்டபோது இருவரும் என்ன பேசினர்? பொத்தியாரின் வியப்பைக் கூறுகின்றது அத்தொகை. பிசிராந்தையாரும் வடக்கிருந்ததைக் கண்டு கண்ணகனார் பாடியதைத் தருகின்றது. அவர்கள் பேசிய ஒரு சொல்லேனும் இல்லை. சாவு அருகில் இருந்தபடியால் அந்த நட்புக்கு நாளையென்று ஒன்றில்லை. நாளையில்லாத நட்பைப் போற்றுவது எளிது. மாட்ஸின் கதையிலும் அவ்வாறே. வந்த தோழர்கள் அழுதனர், அணைத்தனர், பெற்றோரைத் தேற்றினர். உயிருள்ள மாட்ஸின் எச்சில் வழியும் வாயைத் துடைத்து, மெல்லப் பேசும் பேச்சைக் குனிந்து கேட்டு, அடுத்த மாதமும் வரும் பரீட்சைக்கு அவர்கள் உட்படவில்லை. உட்பட்டிருந்தால் தேறியிருப்பர் என்றே நம்புகின்றோம். ஆயினும் அது எழுதப்படாத பரீட்சை.

உயிரோடு கண்டவர் கதை ஒன்று நினைவுக்கு வருகின்றது. 1842 நவம்பரிலே, இங்கிலாந்துக்குச் செல்லும் வழியிற் கொலோன் நகரில் ‘ரைன் பத்திரிகை’ அலுவலகத்துக்கு ஏங்கெல்ஸ் சென்றார். மார்க்ஸ் அவரைக் குளிர்ந்த முகத்துடனேயே வரவேற்றார். அவ்வேளையில் மார்க்ஸ் முரண்பட்டிருந்த பேர்லின் கூட்டத்தவருள் ஒருவராகவே ஏங்கெல்ஸ் அவருக்குத் தென்பட்டார். முதற் சந்திப்பு வீணாயிற்று. 1844இல், அரசியற் பொருளாதாரம் பற்றி ஏங்கெல்ஸ் எழுதிய கட்டுரையைப் படித்த பின்னரே மார்க்ஸின் நோக்கு மாறியது. கடிதங்கள் நடந்தன. அவ்வருடம் ஆகஸ்டிலே பாரிஸ் நகரத்துக் கோப்பிக்கடை ஒன்றிற் கண்டு, பத்து நாட்கள் பேசினர். அதன் விளைவை உலகம் அறியும். எழுத்து முதலிற் செய்யாததைக் கண் கெடுத்தது. எழுத்து அதைச் சரிசெய்தது. அதன் பின்பே கண்ணும் பயன்பட்டது. கூட்டத்தின் பெயரை வைத்து ஆளை அளக்கும் பழக்கம் அத்தகைய மேதையையும் விடவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

இவ்வளவும் எழுதத் தூண்டிய எம் சொந்த அனுபவத்தைக் கூறாது விடுவது நேர்மையாகாது.

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது நாம் சிலர் சேர்ந்து தொலைபேசி வழியாக ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கினோம். சனிக்கிழமை தோறும் ஒரு சிறுகதை. சிலவேளை நாவலின் சில அத்தியாயங்கள். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, ஹற்றன், கொழும்பு எனப் பதினொருவர். பலரும் ஒருவர் முகத்தை மற்றவர் கண்டதில்லை. 2023 ஆவணியிலே, எரிபொருள் வரிசைகளும் ஓய்ந்து, பேருந்துகளும் ஒழுங்காக ஓடத் தொடங்கியிருந்தமையால், குடாநாட்டிலே அன்பர் ஒருவரின் வீட்டிற் கூடுவதெனத் தீர்மானித்தோம்.

அன்று காலை மகிழ்ச்சியான காலை. செந்தமிழிலே நீண்ட விமரிசனங்களை எழுதிவந்த ஒருவரை நாம் மூன்று வருடமாக ஐயா என்று விளித்து வந்தோம்; வந்திறங்கியவர் இருபத்திரண்டு வயது இளைஞர். எழுத்திலே எரிமலையாகக் குமுறும் மட்டக்களப்புச் சகோதரி ஒருவர் நேரில் வாய்திறக்கவே கூச்சப்பட்டார். குரலைக் கேட்டபின் முகத்தை ஒப்பிட்டு ஒப்பிட்டுச் சிரித்தோம்.

எங்கள் வட்டத்தில் மிகக் கூர்மையான வாசகர் ஒருவர் இருக்கின்றார். குடாநாட்டவரே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவலை நாம் மூன்று வாரம் விவாதித்தபோது அதன் அமைப்புக் குறைகளையும் அதன் உண்மையையும் ஒருசேர எடுத்துக்காட்டியவர் அவரே. வீட்டுக்கார அன்பரின் தாயார் விறாந்தைக்கு வந்தார். அன்பானவர், எல்லோரையும் விசாரித்தார். அவரிடம் வந்ததும், “தம்பி எவடம்?” என்றார். அவர் ஊர்ப்பெயரைச் சொன்னார். “அங்கை எவடம்?” என்றார் தாயார். கோயிலுக்குக் கிட்டவோ, றோட்டுக்கு அங்காலையோ என்று கேள்வி சுருங்கிக்கொண்டே சென்றது. யாழ்ப்பாணத்திலே இக்கேள்வியின் முடிவு எங்கே என்பதை அறியாதவர் எவருமில்லை. அவர் மறைக்கவில்லை; சொன்னார். தாயார் “ஓ” என்றார்.

சற்று நேரத்தில் தேநீர் வந்தது. எமக்கெல்லாம் பூப்போட்ட பீங்கான் கோப்பைகளில். அவருக்கு மட்டும் கடதாசிக் கோப்பையில். “கோப்பை காணாது தம்பி, குறை நினையாதையுங்கோ” என்றார் தாயார். அவருக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலுமாரியிலே அதே பூப்போட்ட கோப்பைகள் இன்னும் நான்கு இருந்தன. நாம் எண்ணினோம். எண்ணியவர் நாம் மட்டுமாக இருக்கமுடியாது. ஒருவரும் வாய்திறக்கவில்லை. வீட்டுக்கார அன்பர் நிலத்தைப் பார்த்தார். அவர் அக்கடதாசிக் கோப்பையை வாங்கி, அன்றைய கதையைப் பற்றித் தாம் தொடங்கிய வாக்கியத்தைத் தடுமாறாது முடித்தார். நாமும் எமது கோப்பையிற் குடித்தோம்.

1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் சென்றோரின் வரலாற்றையும், தேநீர்க்கடைகளும் கோயில்களும் திறக்கப்படுவதற்காக நிகழ்ந்த போராட்டங்களையும், 1968இல் மாவிட்டபுரத்திலே நிகழ்ந்ததையும் நாம் வகுப்பறையிலும் மேடையிலும் எத்தனையோ தடவை பேசியுள்ளோம். கடையும் கோயிலும் பொது இடங்கள். அலுமாரி வீட்டுக்குள் இருக்கின்றது. அன்று சிரட்டையில் ஊற்றினர். இன்று கடதாசிக் கோப்பையில் ஊற்றுகின்றனர். குடித்ததும் எறிந்துவிடலாம், கழுவும் சிரமமுமில்லை. நோயையும் சாதியையும் ஒரு தட்டில் வைக்கின்றோம் என எவரும் கருதவேண்டாம். மாட்ஸின் தசைகளை நலிவித்தது இயற்கை. இது மனிதர் கைப்படச் செய்து, கைமாற்றி, கவனமாகக் காத்துவருவது. ஆயினும் திரைக்குப் பின்னால் இருவரும் தேடிய ஆறுதல் ஒன்றே.

அவர் வட்டத்தை விட்டு விலகவில்லை. சனிக்கிழமைகளில் இன்றும் வருகின்றார். முகங்காட்டும் ஒளிப்பதிவை மட்டும் நிறுத்தி வைக்கின்றார். மீண்டும் கூடுவது பற்றிப் பேச்செழுந்தபோது எமக்குத் தனியாக எழுதினார்: “எழுத்திலையே கதைப்பம் சேர், அது வசதி.” இவ்வசனத்தைப் பிசிராந்தையார் வழிவந்த உயர்ந்த நட்புக்குச் சான்றாக வகுப்பிலே காட்டினால் பிள்ளைகள் நம்பவுங்கூடும்.

அவருக்குப் பதில் எழுத எமக்கு ஒரு கிழமை சென்றது. அன்று நாம் பேசாதிருந்ததை எழுதினோம். அலுமாரியிலே நான்கு கோப்பைகள் இருந்ததைக் கண்டோம் என்பதையும் எழுதினோம். தாமும் கண்டதாகவும், ஐந்து என்றும் பதில் வந்தது. அடுத்த கூட்டத்தைத் தை மாதம் எமது வீட்டில் வைப்பதென வட்டத்துக்கு அறிவித்துள்ளோம். எட்டுப் பேர் வருவதாகச் சொல்லிவிட்டனர். அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எமது வீட்டிலும் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கின்றது. அதன் திறப்பு எமது தாயாரிடம். அவருக்கு நாம் இன்னும் விடயத்தைச் சொல்லவில்லை.